தாடை பூட்டிய தவக்காலம்

இறைவனை நம்பி வாழும் என் ஆலயப் பங்கு மக்களுக்கு, இராயபுரத்தில் நாற்பது ஆண்டுகளாக உங்களுள் ஒருவனாக இருந்துவரும் நான் எழுதுவது.

சென்ற தவக்காலத்தில் நான்கு வாரங்களுக்கு மேல் என் வாய் திறக்கவில்லை. அதை நான் மௌன நோன்பு என்று சொன்னேன். அது பொய். பல் பிடுங்கிய இடத்தில் ஏற்பட்ட கோளாற்றால் என் தாடை பூட்டிக்கொண்டிருந்தது. அந்த நாள்களில் என் வீட்டு வாசலில் நின்று என்னிடம் செபம் கேட்டுச் சென்ற ஒவ்வொருவருக்கும் இந்த உண்மையை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

எனக்கு அறுபத்தாறு வயது. வேதியியல் பட்டதாரி. துறைமுக அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஞாயிறு இரண்டாம் திருப்பலியில் விவிலிய வாசகம் வாசித்து வந்தேன். நம் பங்கின் புகையிலை ஒழிப்புக் குழுவை நடத்தியவனும் நான்தான். குட்கா போடுகிறவர்களின் வாய் எப்படி இறுகிப் போகும் என்பதைத் தெருமுனைக் கூட்டங்களில் விரல்களை வாயில் வைத்துக் காட்டியிருக்கிறேன். அதைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்திய வெள்ளியன்று, கீழ்த்தாடையின் வலப்பக்க ஞானப்பல்லை எடுக்கத் தண்டையார்பேட்டையில் ஒரு பல் மருத்துவரிடம் சென்றேன். என் மகள் வயதுடைய பெண். எக்ஸ்ரேயைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார்.

"பல்லு எலும்புக்குள்ள சாய்ஞ்சு கெடக்கு சார். இந்த வயசுல எடுத்தா வீக்கம் கொஞ்சம் ஜாஸ்தியா வரும். எடுத்த குழியில ஹயலூரானிக் ஆசிட் ஜெல் வெச்சுத் தைச்சிடறேன். வீக்கம், வலி, வாய் இறுக்கம் குறைய உதவும்."

"நான் கெமிஸ்ட்ரி படிச்சவன்மா. பச்சைப் புண்ணுல ஆசிட் வைக்கிறதாவது?"

"அந்த மாதிரி ஆசிட் இல்ல சார். நம்ம மூட்டுல, கண்ணுல, தோலுல எல்லாம் தானாவே இருக்கற வழவழப்பான பொருள்தான்."

"என் மருமக மூஞ்சிக்குப் பூசற சீசாவுலயும் அந்தப் பேருதான் போட்டிருக்கு. எனக்கு அழகு பண்ணிக்கிற வயசு இல்லம்மா."

உதவிக்கு நின்றிருந்த பெண் சிரித்துவிட்டாள். மருத்துவர் சிரிக்கவில்லை. "சரி சார், உங்க விருப்பம்" என்றார். நான் வென்றுவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் முகத்தின் பாதி வீங்கிற்று. புதனன்று, திருநீறு பூசிக்கொண்டு வீடு திரும்பியபோது, வாய் பூட்டிக்கொண்டதை உணர்ந்தேன். மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே சுண்டுவிரலின் நுனி நுழையவில்லை. பேச முயன்றால் பற்களுக்கிடையே ஒரு முனகல்தான் வந்தது. கூடவே காதுவரை வலி வெட்டி இழுத்தது.

அன்றே அந்த மருத்துவரிடம் போயிருக்க வேண்டும். அவருக்குப் பாடம் நடத்திவிட்டு வந்த நான் எந்த முகத்தோடு போவேன்? உப்புநீரில் கொப்பளித்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தேன்.

சனிக்கிழமை மாலை எங்கள் தெருவின் செபக்குழுவான அன்பியத்தின் தலைவர் சூசை வந்தார். "சார், நாளைக்கி வாசகம் உங்களுது" என்றார். என் மனைவி பிலோமினா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் ஒரு தாளை எடுத்து எழுதினேன்: தவக்காலம் முழுவதும் மௌனம் காக்க உறுதி எடுத்துள்ளேன், வேறொருவரை ஏற்பாடு செய்க.

ஏன் அப்படி எழுதினேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை. வாய் திறக்கவில்லை என்று நம் பகுதியில் ஒருவனைப் பற்றிச் சொன்னால், கேட்பவர் மனத்தில் முதலில் வருவது குட்காதான். ஊருக்கு உபதேசம் செய்த சாரும் இரகசியமாகப் போடுகிறவர்தான் என்று பேசுவார்களே என அஞ்சினேன்.

சூசை தாளைப் படித்துவிட்டுக் கைகூப்பினார். "எங்க வூட்ல ஒரு மணி நேரம் வாய மூடுங்கன்னா ஒருத்தரும் மூட மாட்றாங்க. நீங்க நாப்பது நாளா! பெரிய மனுசன் சார் நீங்க."

அவர் படியிறங்கியதும் பிலோமினா என் முன் வந்து நின்றாள். "என்னங்க இது? பல் டாக்டர்கிட்ட போக வெக்கம். கோயில்ல பொய் சொல்ல வெக்கம் இல்லையா?"

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. கோவிலில் எனக்கு வழிவிட்டார்கள். தாய்மார் குழந்தைகளை அழைத்துவந்து நெற்றியில் சிலுவை போடச் சொன்னார்கள். அதை நான் விரும்பவும் செய்தேன். ஆனால் வீட்டுக்குள் நான் அழுகிக்கொண்டிருந்தேன். கஞ்சியைக் கரண்டி நுனியால் பற்களின் இடுக்கில் ஊற்றிக்கொண்டேன். நற்கருணை அப்பத்தைக் கையில் வாங்கி, துணுக்காக உடைத்து, உதட்டோரம் வழியாக உள்ளே தள்ளினேன். வாயிலிருந்து எழுந்த நாற்றம் எனக்கே சகிக்கவில்லை. இது புற்றுநோய்தான் என்று முடிவு கட்டினேன். உயில் எழுதக் காகிதம் எடுத்தேன்.

செபித்தேன். "ஆண்டவரே, யாருக்கும் தெரிவதற்குள் என் வாயைத் திறந்துவிடும்." ஒவ்வொரு விடியற்காலையும் கண்ணாடிமுன் நின்று விரல் நுனியை வைத்துப் பார்ப்பேன். நுழையாது. இரண்டு வாரம் அதே செபம். இரண்டு வாரமும் பதில் இல்லை. அவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் குடியிருப்பவள் ஸ்டெல்லா. சந்தையில் மீன் விற்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். அவள் கணவன் சேவியருக்குச் சர்க்கரை நோய். காலில் வந்த புண் சீழ்பிடித்து, தவக்காலத்தின் மூன்றாம் வாரத்தில் அவனை அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். பாதத்தை எடுக்க வேண்டிவரலாம் என்று சொல்லியிருந்தார்கள். அன்று மாலை அவள் படியேறி வந்தாள்.

"சார், அந்த ஆளுக்குக் கால எடுக்கணும்ன்றாங்கோ. உன்னாட்டம் நானும் வாய கட்டிக்கப் போறேன். உன் மௌனத்தோட என்துயும் சேத்துக்கோ. ஆண்டவர் கேக்காமயா பூடுவாரு?"

நான் தலையை ஆட்டினேன். மறுப்பாகத்தான் ஆட்டினேன். அவள் அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மீன் விற்பவளுக்கு மௌனம் என்றால் என்ன என்பதைச் சந்தை அறிந்தவர்கள் அறிவார்கள். கூவ முடியாது. விலை சொல்ல முடியாது. மீன் கூடையோடு திரும்பி வந்தது. பக்கத்துக் கடைக்காரிகள், "இன்னாடி, கன்னியாஸ்திரி ஆய்ட்டியா?" என்று கேலி செய்தார்களாம். அவள் வாய் திறக்கவில்லை.

நான்காம் ஞாயிறு பிற்பகல், அவளுடைய நாத்தனார் மேரி முற்றத்தில் நின்று கத்தியது என் சன்னலுக்குக் கேட்டது.

"புண்ணு என்னிக்கி வந்துது, மாத்தர போட்டானா இல்லியான்னு டாக்டர் கேக்கறாரு. எங்கண்ணன் ஜொரத்துல பெனாத்திகினு கீறான். இவ ஊமையாட்டம் கைய ஆட்டிகினு நிக்கிறா! நீ பேசலன்னா நான் இன்னாமா பண்றதுன்னு டாக்டர் போயே பூட்டாரு. எனுக்கு இன்னா தெரியும், நான் எர்ணாவூர்ல கீறேன்!"

நீ போய் உண்மையைச் சொல் என்று பிலோமினாவுக்கு எழுதிக் காட்டினேன். அவள் உடனே இறங்கிப் போனாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"சொல்லிட்டேன். பல்லுவலிதான், நோன்பு இல்லைன்னு சொன்னேன். அவ சிரிக்கிறா. அவ்வளவு கத்தின மேரியே சொல்றா, 'நல்லவங்க தவத்தைக் காட்டிக்க மாட்டாங்க யக்கா, அதான் சார் உன்ன உட்டுப் பல்லுவலின்னு சொல்லச் சொல்றாரு'ன்னு. ஸ்டெல்லா அதுக்குத் தலையாட்டறா."

நானே இறங்கிப் போனேன். அவள்முன் நின்று பற்களுக்கிடையே முனகினேன். ஒரு சொல்கூட உருப்படியாக வரவில்லை. வலியில் கண்ணீர் வழிந்தது. எனக்காக இவர் நோன்பை முறிக்கப் பார்க்கிறாரே என்று அந்தப் பெண் பதறினாள். தன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையசைத்தபடி வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாத்திய கதவின்முன் நான் நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு கீழ்நிலையில் நான் நின்றதில்லை. என் பொய்யை நானே உடைக்க விரும்பினேன். அது என் கையில் உடையவில்லை. நல்லவன் என்ற பெயர் என்னைவிடப் பெரிதாக வளர்ந்து, ஒரு மனிதனின் காலை விழுங்கக் காத்திருந்தது.

மேலே வந்து தரையில் முழந்தாளிட்டேன். முதன்முறையாக என் செபம் மாறிற்று. "ஆண்டவரே, எனக்காகக் கேட்கவில்லை. அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லும் அளவுக்கு என் வாயைத் திறந்துவிடும். பிறகு என் பெயர் என்ன ஆனாலும் ஆகட்டும்."

காட்சி எதுவும் தோன்றவில்லை. குரல் எதுவும் கேட்கவில்லை. எழுந்தபோது, தண்டையார்பேட்டைக்குப் போக வேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவு இரண்டு வாரமாக எனக்கு இல்லாதது. அது என்னுடையதில்லை என்று நான் விசுவசிக்கிறேன்.

மறுநாள் திங்கள் காலை மருத்துவர் என்னைப் பார்த்தார். அன்று பேசியதை அவர் நினைவூட்டவே இல்லை. அளவுகோலை வைத்து அளந்தார். இடுக்கு வழியாக விளக்கடித்துப் பார்த்தார்.

"புத்துநோய் இல்ல சார். குழிய மூட வேண்டிய ரத்தக்கட்டி தங்கல, எலும்பு தெரியுது. சீழும் புடிச்சிருக்கு. அதனாலதான் தாடைத் தசை இறுகிப் போச்சு. இத்தன நாள் ஏன் சார் வரல?"

நான் தாளில் எழுதினேன்: அன்று நான் அறியாமையால் மறுத்தேன். மன்னிக்கவும். இப்போது அந்த ஜெல்லை வையுங்கள்.

அவர் தாளைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். "அன்னிக்கே வெச்சிருந்தா இது வந்தேயிருக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன் சார். எல்லாம் பண்ணியும் சில பேருக்கு வரும். இப்ப உதவும். நீங்களும் ஒழைக்கணும்."

குழியைக் கழுவிச் சுத்தம் செய்து, கண்ணாடிபோல் தெளிந்த அந்த ஜெல்லை வைத்தார். கிருமிக்கு மாத்திரை கொடுத்தார். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் செருகி, சிறிது சிறிதாகக் குச்சியைக் கூட்டி, தாடையைப் பழக்கச் சொன்னார். திங்களன்று ஐந்து குச்சிதான் நுழைந்தது. செவ்வாய் இரவு, பல வாரங்களில் முதன்முறையாக, வலி எழுப்பாமல் தூங்கினேன். புதனன்று மறுபடி ஜெல் வைத்தார். வீக்கம் வடிவது கன்னத்தைத் தொட்டாலே தெரிந்தது. வெள்ளி விடியலில் ஒன்பதாவது குச்சி நுழைந்தது. நாக்கு அசைய இடம் கிடைத்தது.

அதற்குமேல் காத்திருக்க எனக்குத் துணிவில்லை. கீழே இறங்கினேன். முற்றத்துக் குழாயில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா என்னைக் கண்டதும் காதைப் பொத்தக் கையைத் தூக்கினாள். நான் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

"காதை மூடாத. நான் நோன்பு இருக்கல. பல்லு புடுங்கினேன், வாய் பூட்டிக்கிச்சு. குட்கா போடறேன்னு சொல்லுவாங்கன்னு பயந்து பொய் சொன்னேன்."

குழறலாகத்தான் வந்தது. எச்சில் தாடையில் வழிந்தது. எல்லாரும் பார்த்தார்கள். அவள் அப்போதும் நம்பவில்லை. நான் முடிந்தமட்டும் வாயைத் திறந்து வலப்பக்கத்தைச் சுட்டினேன். அவள் கிட்டே வந்தாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல் என் உதட்டை ஒரு விரலால் ஒதுக்கி உள்ளே பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

பன்னிரண்டு நாள்களுக்குப் பிறகு அவள் பேசினாள்.

"இன்னா சார் இது? உம் பல்லுக்கா நான் ஊமையா கெடந்தேன்? வாய வெச்சுத்தான் சார் நான் பொயப்பே நடத்தறேன்! என்னாண்ட வந்து முன்னமே சொல்லிகினா நான் யார்ட்ட போயி சொல்லப் போறேன்? அய்ய, உன்ன கும்புட வேற கும்புட்டேனே!"

குழாயடியில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டெல்லாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். குடத்தை அப்படியே போட்டுவிட்டு, மருத்துவமனைக்குப் பஸ் பிடிக்க ஓடினாள்.

அன்று அவள் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். புண் வந்த நாள், அவன் நிறுத்திவிட்ட மாத்திரை, பிடிவாதம், எல்லாம். சேவியருக்கு இரண்டு விரல்கள் போயின. பாதம் தப்பிற்று. அதை என் செபத்தின் பலனாக நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். அது அவளுடைய செபம். எனக்குக் கிடைத்தது ஒன்பது குச்சி அளவு வாய்தான். நான் கேட்டதும் அவ்வளவே. அதற்காக ஆண்டவருக்கும், அவர் கருவியாக இருந்த அந்த மருத்துவருக்கும் என் நன்றி.

குருவிடம் பாவ அறிக்கை செய்து ஒப்புரவு பெற்றேன். குருத்து ஞாயிறு மாலை அன்பியத்தில் எழுந்து நின்று சொன்னேன். சூசை தலைகுனிந்து கொண்டார். அது என்னைச் சுட்டது. இப்போது வாய் நன்றாகவே திறக்கிறது. ஆயினும் வாசக மேடைக்குத் திரும்பவில்லை. பின்வரிசையில் நின்று பிறர் வாசிக்கக் கேட்கிறேன். புகையிலைக் கூட்டத்துக்குப் போகிறேன். விரலை வைத்துக் காட்டுவதில்லை. வாய் இறுகியவனின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சொல்வதைக் கேட்கிறேன்.

அன்பு மக்களே, மறைத்துவைத்த நோய் எதுவும் உங்களிடம் இருந்தால், மறைக்க உதவும்படி ஆண்டவரிடம் கேட்காதீர்கள். அந்தச் செபத்தை நான் இரண்டு வாரம் செய்து பார்த்தவன். உண்மையைச் சொல்லப் பலம் கேளுங்கள். அவர் மருத்துவரிடம் அனுப்பினால் மருத்துவரிடம் போங்கள். மருத்துவர் தருவதை மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டவரை நம்புங்கள்.

சென்ற வாரம் சந்தைக்குப் போயிருந்தேன். அவ்வளவு கூட்டத்துக்கு மேலாக ஸ்டெல்லாவின் குரல் கேட்டது. "தோ பாரு, பல்லு சாரு வராரு! வழி உடுங்கோ!" சந்தையே திரும்பிச் சிரித்தது. நாற்பது ஆண்டுகளாக நான் காத்துவந்த பெயர் அதுவன்று. ஆனாலும், என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று தெரிந்து, கையை உயர்த்தினேன்.