வெட்டு உத்தரவும் உஷாராணியின் பெட்டியும்

“தபால்காரன் கடுதாசியப் பிரிச்சிப் படிக்கிறானா மாமா? அதுல கெட்ட சேதி இருந்தா அவனக் கம்பத்துல கட்டுவியா?”

உஷாராணி இப்படிக் கத்தியபோது ஏம்பலம் கிராமத்தில் அவள் தெருவே வாசலில் நின்றது. எதிரே பக்கிரிசாமி, மடித்துக் கட்டிய வேட்டியும் கடுகு பொரியும் முகமுமாக. ஐந்து வீட்டுக்கும் ஒரே இன்டர்நெட் லைன்; பங்கு போட்டு அவள் வீட்டில்தான் இழுத்திருந்தார்கள். அன்று காலை கரும்பு ஆலையின் வெப்சைட் ஐந்து வீட்டையும் சேர்த்து வெளியே தள்ளிவிட்டது. ‘இந்த இணைப்புக்கு அனுமதி இல்லை.’ அதில் முறை பதியாவிட்டால், கரும்பை வெட்டிக் கொண்டுவரச் சொல்லும் வெட்டு உத்தரவு வராது. கரும்பு காட்டிலேயே காயும். வேறு செல்போனில் எப்படியோ பதிந்துவிட்டார்கள்தான். ஆனாலும் பக்கிரிசாமி ஒரே பிடி.

“பொட்டிய நிறுத்து. இல்லன்னா லைனுக்குப் பங்கு கெடையாது.”

பெட்டி என்றது, டிவிக்குக் கீழே ஓடிய பழைய கம்ப்யூட்டரை. முகம் காட்டாமல் பேச வேண்டியவர்களின் சேதியை ஒரு பெட்டியிடம் வாங்கி அடுத்த பெட்டியிடம் கொடுப்பது அதன் வேலை. பூட்டின சேதி; அவளாலும் படிக்க முடியாது. உலகம் முழுக்க இப்படிப் பெட்டி வைத்திருப்பவர்களின் விலாசம் பட்டியலாகக் கிடைக்கும். ஆலைக்காரன் அந்தப் பட்டியலை எடுத்து, களை எது பயிர் எது என்று பார்க்காமல் மொத்தத்துக்கும் மருந்தடித்துவிட்டான்.

“ஊரான் ரகசியத்த சொமக்க உனக்கு இன்னாடி கூலி?” என்றாள் எதிர்வீட்டு வசந்தா.

“கூலிய முன்னாடியே வாங்கிட்டேன்க்கா.”

பொய்யில்லை. வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போன உஷாராணி, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்து, செல்போனையும் நோண்டுகிற வீட்டில் மாட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டு வேலைக்காரி காட்டித் தந்த இந்த வழியில்தான் உதவி கேட்டு எழுதினாள். யார் யார் வீட்டுப் பெட்டியோ அதைச் சுமந்தது. பதினாறாம் நாள் ஊர் வந்து சேர்ந்தாள். அதை இன்றைக்கு நிறுத்து என்றால் நிறுத்துவாளா?

ஆலைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“பாதுகாப்புக்குத்தாங்க எல்லாத்தையும் தடுக்கறோம்” என்றான் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் அரிகரன்.

“கடைசிப் பொட்டிதான் சார் வெப்சைட்டு கதவத் தட்டும். என்துது நடுப்பொட்டி. உங்க வாசப்பக்கமே வராது. என் விலாசத்துலருந்து யாரு வந்தாங்கன்னு பாத்து சொல்லுங்க.”

கீபோர்டு தட்டும் சத்தம். தெரு போனைச் சுற்றி நெருங்கியது.

“பக்கிரிசாமி… வசந்தா… சாமிக்கண்ணு… மொத்தம் அஞ்சு பேரு. எல்லாம் கரும்புக்காரங்கதான்.”

“திருடன் எவன்னா வந்தானா?”

“இல்லைங்க.”

பக்கிரிசாமி பாய்ந்து போனைப் பிடுங்கினார். “அப்ப என்னையாய்யா தடுத்த? முப்பது வருசமா கரும்பு போடுறவன் திருடனா? தொறய்யா கதவ!”

அரை மணியில் வெப்சைட் திறந்தது. சாமிக்கண்ணு விசிலடித்தார். வசந்தா தன் பெயர் திரையில் வருகிறதா என்று மூன்று தரம் தட்டிப் பார்த்துச் சிரித்தாள். பக்கிரிசாமி மெல்ல உள்ளே போய்ப் பெட்டியைத் தொட்டார்.

“இன்னாடி இது, அடுப்பாட்டம் கொதிக்குது? செத்துடப் போவுது!”

“கொஞ்சம் முன்னாடி நீதான மாமா சாவடிக்கச் சொன்ன?”

“சொன்னேன். இப்ப ஆறவைக்கச் சொல்றேன். என் பங்கும் இருக்குது இல்ல?”

உஷாராணி அப்போதே பஸ் ஏறினாள். தவளக்குப்பத்தில் பெட்டிக்கென்றே ஒரு குட்டி டேபிள் ஃபேன் வாங்கினாள். விலை அறுநூற்றைம்பது ரூபாய்.