பனைமரத்தில் கட்டிய கயிறு

பெருநகர் என்ற கிராமத்தைச் சுற்றி எந்தக் கிணற்றில் தூர் எடுப்பதென்றாலும் முனிரத்தினத்தைத்தான் கூப்பிடுவார்கள். கோடையில் தண்ணீர் வற்றியதும் அடிவரை இறங்கி, சேற்றை வாரிக் கூடையில் ஏற்றி அனுப்புகிற வேலை. மீசை முளைத்த நாளில் இறங்க ஆரம்பித்தவருக்கு இப்போது அந்த மீசையே நரைத்துவிட்டது.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. இறங்குகிறவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை மேலே நின்று அவன் மச்சான்தான் பிடிக்க வேண்டும். தங்கச்சியின் தாலியே அதில் தொங்குவதால் உயிர் போனாலும் கையை விடமாட்டான் என்று நம்பிக்கை. மச்சான் இல்லாத பாவி பக்கத்துப் பனைமரத்தில் கட்டிவிட்டு இறங்குவான். முனிரத்தினத்துக்கு அந்தக் குறை இல்லை. மனைவி மங்கம்மாவின் அண்ணன் கன்னியப்பன், இவர்களுக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து கயிறு பிடித்தான். கை வழுக்காமலிருக்க முனையில் பெரிய முடிச்சு ஒன்று போட்டு வைத்திருப்பான். அந்த நம்பிக்கையில் இவர் மேலே நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்.

போன சித்திரையில் கிருஷ்ணசாமியின் கிணற்றில் இறங்கினார். கரன்ட் மோட்டார் வந்த பிறகு யாரும் சீண்டாத பழைய ஆயில் இன்ஜின் ஒன்று கிணற்று விளிம்பிலேயே துருப்பிடித்துக் கிடந்தது. அதை நகர்த்தி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பாதி வேலையில் மேலே மண் சரிகிற சத்தம் கேட்டது. முனிரத்தினம் கயிற்றை இரண்டு முறை வெடுக்கென்று இழுத்தார். தூக்கு என்று சொல்ல அதுதான் அடையாளம். கயிறு அவரைத் தூக்கவில்லை. மொத்தமாகக் கீழே வந்து அவர் கழுத்தில் விழுந்தது. பின்னாலேயே இன்ஜினும் வந்தது.

செத்திருக்க வேண்டிய ஆள்தான். ஆனால் அந்த இரும்புப் பிசாசு சுவரில் நீட்டிக்கொண்டிருந்த படிக்கல்லுக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே குறுக்காகச் சிக்கி, அவர் தலைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. சரிந்த கல்லும் மண்ணும் அதன் மேல் குவிந்தன. மார்பளவு சேற்றில், கும்மிருட்டில் நின்றவரின் கையில் கயிற்றின் முனை தட்டுப்பட்டது. முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகை சாவை நினைத்து வந்ததல்ல.

"பாடிய எடுக்கவே நாளைக்கி ஆயிடும்பா" என்று மேலே யாரோ பேசுவது கேட்டது. பாடி, மண்வெட்டியால் இன்ஜினைத் தட்டித் தட்டித் தான் இன்னும் சாகவில்லை என்று தெரியப்படுத்தியது. உத்திரமேரூரிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து, பொழுது சாய்வதற்குள் வெளியே எடுத்தார்கள். விலா எலும்பு மட்டும் முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கன்னியப்பன் வந்தான். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தான்.

"கவுறு அறுந்து பூட்சி மாப்ள. நானு இன்னா பண்ணுவன்? இஸ்து இஸ்து கைத்தோலே உரிஞ்சி பூட்சி."

சுற்றி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். முனிரத்தினம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்து ஓடினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே மன்னித்திருப்பார். அத்தனை பெரிய இரும்பு பக்கத்தில் சரிந்தால் எவனும்தான் ஓடுவான். அவனோ துணி சுற்றிய கையை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான். ஆடித் திருவிழாவில், கைத்தோல் உரிந்தும் கயிற்றை விடாதவன் என்று ஊர் அவனுக்குப் பொன்னாடை போர்த்தியது. கூச்சநாச்சமில்லாமல் குனிந்து வாங்கிக்கொண்டான்.

விலா கூடி, கை வேலைக்கு ஏங்கத் தொடங்கியதும் ஒருநாள் முனிரத்தினம் ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்தார். முனையில் முடிச்சைக் காணோம். கயிறு அறுந்தால் பிசிறு பிசிறாக நிற்கும். இது அரிவாள்மனையில் வெண்டைக்காய் நறுக்கியது போன்ற வெட்டு. ஆஸ்பத்திரியில் அவர் இடுப்பிலிருந்து அவிழ்த்த கயிற்றை வீட்டுக்கு எடுத்து வந்தவள் மங்கம்மா.

"கவுத்த யாரு வெட்னது?"

உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பவில்லை. "அண்ணன் பொண்ணு கண்ணாலத்துக்கு நிக்குது. கவுத்த உட்டுட்டு ஓடனவன் பொண்ணுன்னா எவன் வந்து கட்டுவான்?"

"உனுக்கு எப்ப தெரியும்?"

"அன்னிக்கே. நீ உள்ள கீறப்பவே அண்ணன் வந்து அயுதுச்சி." களைந்த தண்ணீரை வடித்தாள். "அதான் நீ பொயச்சி வந்துட்டியே."

பிழைத்து வந்ததுதான் இவர் செய்த தப்பு போலிருந்தது. இன்ஜினுக்கடியில் சிக்கி நின்றபோது மனதில் இருந்த ஒரே முகம் அவளுடையது. எனக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வாள் என்று அவளுக்காகத்தான் வேண்டிக்கொண்டார். இப்போது அவர் சாப்பிடாமல் எழுந்து வெளியே போனார்.

இந்தக் கோடையில் முதல் கிணறு ஊர்க் கிணறு. ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தது. கன்னியப்பன் வழக்கம்போல் முன்னால் வந்து கையை நீட்டினான். "குடு மாப்ள."

முனிரத்தினம் அவனைத் தாண்டிப் போய்க் கயிற்றைப் பனைமரத்தில் சுற்றி இறுக்கினார். சோற்றுத் தூக்கோடு நின்ற மங்கம்மா ஓடிவந்து அடிக்குரலில் சொன்னாள். "மரத்துல கட்டாத. ஊரு பாக்குது."

"இன்னா முனிரத்தினம், மச்சான் கீறப்ப மரமா?" என்றார் கிருஷ்ணசாமி.

"எனுக்கு மச்சான் இல்லிங்க."

அதை உரக்கச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. கன்னியப்பன் நீட்டிய கையை மடக்க மறந்து நின்றான். மங்கம்மாவின் முகத்தை முனிரத்தினம் ஒருமுறை பார்த்தார். மச்சான் இல்லாதவனுக்குப் பெண்டாட்டி எங்கிருந்து வருவாள் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் முதல் படியில் காலை வைத்துவிட்டார்.