ஆடியும் தவக்காலமும்

எங்கள் கலியாணம் தை மாதத்திலேயே பேசி முடிந்துவிட்டது. அவர் மஸ்கெலியாக்காரர், சைவம். நாங்கள் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கத்தோலிக்க வேதக்காரர்கள். சாமி மாறிக் கட்டுவதில் இரண்டு வீட்டிலும் ஒரு முனகல்கூட இல்லை. ஒரே ஒரு அவசரம்தான் இருந்தது. அவருக்குக் கட்டாரில் வேலை சரியாகியிருந்தது. விசா வருவதற்குள் தாலி ஏறிவிட வேண்டும். ஏறாவிட்டால் அவர் திரும்பி வரும்வரை நான் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்.

மாசியில் நாள் குறிக்க உட்கார்ந்தபோது சாம்பல் புதன் வந்து நின்றது. அம்மா வாயைத் திறக்கும் முன்பே அவருடைய அம்மா, அதாவது என் வருங்கால அத்தை, முந்திக்கொண்டார்.

“தவக்காலம் சம்பந்தி. ஒங்க ஏசு பாடுபடுற நேரத்துல நாங்க மேளம் அடிச்சா நல்லாவா இருக்கும்?”

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மரியாதைக்குப் பதில் மரியாதை செய்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு கட்டியிருப்பார் போல.

உயிர்த்த ஞாயிறு கழிந்தது. மே, மாதாவின் மாதம். பொழுது சாய்ந்தால் லயத்து வீடுகள்தோறும் செபமாலை. அதோடு கொழுந்து கொட்டுகிற காலம், துரை லீவு தரமாட்டார். ஜூனில் அந்தோனியார் திருநாள். எங்கள் ஊர் மழையில் அந்தோனியாரே கொழுந்தெடுக்கும் பெண்களைப் போல இறப்பர் சீட்டைப் போர்த்திக்கொண்டுதான் தேரில் வருவார். அதில் மாப்பிள்ளை ஊர்வலம் எங்கே நடத்துவது?

அடுத்து ஆடி. இப்போது அம்மாவின் முறை.

“எங்களுக்கு ஆடி கீடி ஒன்னும் இல்லைங்க. ஒங்களுக்கு இருக்குல்ல? பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?”

ஆவணியில் வேளாங்கண்ணி மாதாவுக்குக் கொடியேற்றம். அம்மா வீட்டில் மீன், இறைச்சி சேர்க்கமாட்டார். கோழி இல்லாத கலியாணத்துக்கு என் மாமன்மார் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். மாதா திருநாள் முடிந்து அம்மா கோழிக்கு இறங்கி வந்தபோது, புரட்டாசி பிறந்து அத்தை வீட்டில் பெருமாள் விரதம் தொடங்கிவிட்டது. ஐப்பசியைத் தீபாவளியும் கந்த சஷ்டியும் பங்கு போட்டுக்கொண்டன. கார்த்திகை நல்ல மாதம் என்று நான் மூச்சு விட்டேன். அத்தை விடவில்லை. நவம்பர் ஆத்துமாக்களின் மாதமாம். செத்தவர்களை நினைக்கிற மாதத்தில் விருந்து வைத்தால் எங்கள் அப்பாவின் ஆத்துமா வருந்துமாம். அப்பா உயிரோடு இருந்த காலத்தில் எந்த விருந்துக்கும் வருந்தியவர் அல்ல.

சம்பந்திகள் ஒருவரை ஒருவர் இப்படித் தாங்குவதைத் தோட்டமே மெச்சியது. எனக்கு வயிறு எரிந்தது. பொறுக்க முடியாமல் வேதக்கோயில் சாமியாரிடமே போய் நின்றேன்.

“தவக்காலத்துல ஆடம்பரம் வேணாம்னுதான் சொல்லுவோம். மத்த மாசமெல்லாம் யாரு தடுத்தா? என்கிட்ட ஒருத்தருமே கேக்கலியே மகள்!” என்றார். மாப்பிள்ளை சைவம் என்பதால் ஆயரிடம் அனுமதி வாங்கவேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகும் என்றும் சொன்னார்.

அந்த வாரமே விசா வந்துவிட்டது. ரெஜிஸ்டர் மட்டுமாவது பண்ணிக்கொள்கிறோம் என்று அம்மாவிடம் கெஞ்சினேன். “வேதக்கோயில்ல நிக்காம வெறும் கையெழுத்துப் போட்டு அனுப்பவா ஒன்னைய வளத்தேன்?” என்று அழுதார். அத்தையும் சேர்ந்து அழுதார்.

அவர் கிளம்பிய அன்று இரண்டு அம்மாமாரும் மாசிக்கருவாட்டுச் சம்பலையும் தேயிலைத்தூளையும் பையில் திணித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர் நெற்றியில் சிலுவை வரைந்தார். அத்தை அதன்மேலேயே திருநீறு பூசினார். வெளியே வேன்காரர் ஹோர்ன் அடித்தார்.

“இன்னைக்கு அஷ்டமி. இது ராகு காலம். ஆத்துமாக்கள் மாசம் வேற,” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

“சும்மா இருடி,” என்று அம்மா அதட்டினார். “வேலைக்குப் போற பிள்ளைக்கு நாளும் கோளும் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?”

“அதானே சம்பந்தி,” என்றார் அத்தை.

வேன் கிளம்பியது. எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.