பூட்டு சாவிக்கும் கை உருளைக்கும் நடுவே ஒரு நாள்

கோஷம் கேட்பதற்காக யாராவது லீவு போட்டுவிட்டு ஐந்து மாவட்டம் தாண்டிப் போவார்களா என்று எங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். நான் போனேன். ஈரோட்டில் காப்பீட்டு வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் கோயில் கோபுரத்தைப் படம் எடுப்பார்கள், நான் தேர்தல் நேரத்துச் சுவர்களைப் படம் எடுப்பேன். பல வருடமாக இந்தக் கிறுக்கு இருக்கிறது.

இந்த முறை என்னைக் கிளப்பியது தூத்துக்குடியில் இருக்கும் என் விடுதித் தோழி சாந்தி அனுப்பிய ஒரு படம். ஊராட்சித் தேர்தல் நேரம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். உப்பளம் போகும் வழியில் ஒரு வீட்டுச் சுவரில் நீல எழுத்தில் இப்படி எழுதியிருந்தது: "முத்துக் குளிச்ச கடலோரம், குளிக்கத் தண்ணி எந்த ஓரம்?" அதற்குக் கீழேயே சிவப்பில் எதிர்த் தரப்பின் பதில்: "தொட்டி கட்டி நாளாச்சு, எட்டிப் பாரு கிழக்கோரம்!"

அடுத்தவர் கேள்வியை அழிக்காமல் விட்டுவைத்து, அதே ஓசையில் பதில் எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்தேன்.

ஈரோட்டிலிருந்து இரவுப் பேருந்தில் ஏறினால் காலை ஏழு மணிக்குத் தூத்துக்குடி. சாந்தி வீட்டில் குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குத் திருச்செந்தூர் பேருந்தைப் பிடித்தேன். நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். ஜன்னல் ஓரம் வேண்டும் என்றால் இடது பக்கம் உட்காருங்கள். துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் கொஞ்ச தூரம் கூடவே வரும், அப்புறம் உப்பளங்கள். வெயில் ஏறிவிட்டால் உப்புக் குவியலைப் பார்க்கக் கண் கூசும், கறுப்புக் கண்ணாடி இருந்தால் நல்லது.

ஆத்தூரில் இறங்கி வெற்றிலைக் கொடிக்கால்களைப் பார்க்கலாம் என்று முதலில் நினைத்திருந்தேன். இறங்கவில்லை, ஆனால் ஊரைத் தாண்டியதும் பேருந்து ஒரு ரயில்வே கேட்டில் நின்றது. பக்கத்துச் சுவரில் இரண்டு வரி. "வெத்தலைக்குப் பேரு ஆத்தூரு, வெட்டிப் பேச்சுக்கு எந்த ஊரு?" எதிர்ச் சுவரில்: "வெட்டிப் பேச்சு இல்ல அண்ணாச்சி, வெட்டிவிட்ட வாய்க்கா சாட்சி!" நான் சிரித்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் இருந்தவர், "வாய்க்கா நெசமாவே வெட்டிட்டான். தண்ணிதான் இன்னும் வரல" என்றார்.

திருச்செந்தூரில் ஆட்டோ பிடிப்பதற்கு ஒரு குறிப்பு: கோயில் வாசலில் கேட்காதீர்கள், பேருந்து நிலையத்துக்கு வெளியே கேளுங்கள். கோயில் வாசலில் ஆயிரத்து நானூறு சொன்னார்கள். வெளியே இசக்கி என்ற டிரைவர், கடலோர ஊரான பெரியதாழை வரை போய், நான் நிற்கச் சொல்லும் இடத்திலெல்லாம் நின்று, பொழுது சாய்ந்ததும் திரும்புவதற்கு ஆயிரம் ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார். முப்பது வயது இருக்கும். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

"எக்கா, கோஷம் கேக்கவா? நாங்க காதுல பஞ்ச வச்சிட்டு அலையுதோம், நீங்க காசு குடுத்துக் கேக்க வாரீங்களா?"

குலசேகரன்பட்டினம் பதின்மூன்று கிலோமீட்டர். அம்மன் கோயில் தசரா முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டதால் கடற்கரை காலியாக இருந்தது. பக்கத்துக் கிராமம் ஒன்றில், தசராவுக்கு வேஷம் கட்டும் ஒருவர் ராஜா வேஷத்தோடு ஒரு வேட்பாளருக்காகத் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கிரீடம், மீசை, கையில் தகர வாள், கழுத்தில் துண்டு நோட்டீஸ். எதிர் வேட்பாளரின் ஆட்டோ அவரைக் கடந்துபோனது. உள்ளே இருந்த பெண் ஒலிபெருக்கியில் சொன்னார்: "பத்து நாள் வேஷம் அம்மனுக்கு, அஞ்சு வருச வேஷம் யாருக்கு?"

தெருவே சிரித்தது. ராஜாவும் சிரித்துவிட்டார். மீசை கழன்றது. இந்தக் காட்சி ஒன்றுக்கே ஆட்டோ வாடகை சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் போன ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை, அங்கே உள்ளவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். காரணம் படித்தால் தெரியும். பெரியதாழைக்குப் போகும் வழியில் இருக்கிறது, அது போதும். ஒரே ஊராட்சிதான், ஆனால் இரண்டு பாதி. கடலை ஒட்டி மீன்பிடிக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள். உள்ளே தேரி என்கிற செம்மணல் மேட்டுப் பக்கம் கடை வைத்திருக்கும் குடும்பங்கள். தலைவர் பதவிக்கு இரண்டு பேருக்குத்தான் நிஜமான போட்டி. கடற்கரையில் ஜெசிந்தா, மீன் ஏலம் எடுத்து வெளியூருக்கு அனுப்புபவர், சின்னம் பூட்டு சாவி. தேரிப் பக்கம் செல்வமணி, பலசரக்குக் கடைக்காரர், சின்னம் கை உருளை. கை உருளை என்றால் ரோட்டில் உருட்டும் உருளைதான்.

ஜெசிந்தாவின் கோரிக்கை தூண்டில் வளைவு. கடலுக்குள் வளைவாகக் கல் அடுக்கிக் கட்டும் தடுப்பு அது. அது இருந்தால் கரையோரம் அலை அடங்கும், மீன்பிடி வள்ளங்கள் பத்திரமாகக் கரை ஏறும். செல்வமணியின் கோரிக்கை தேரிக் குடியிருப்புக்கு ஒரு தார் ரோடு. சின்னத்துக்கும் கோரிக்கைக்கும் பொருத்தம் அவருக்குத்தான். கோஷம் எழுதுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நான்கரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வீடுகளில் நட்சத்திரம் தொங்கவிட்டிருந்தார்கள். ஊர் நடுவில் மாதா கெபி, அதாவது மாதா சிலை வைத்த சின்னக் குகைக் கோயில், இருக்கும் முக்கில் இரண்டு தரப்பும் எதிரெதிரே வந்து மாட்டிக்கொண்டன. ஒரு பக்கம் ஜெசிந்தாவின் ஆட்டோ, மைக்கில் அவர் மகள் ரோஸ்லின், கல்லூரி மாணவி. மறுபக்கம் செல்வமணி வாடகைக்கு எடுத்த ஜீப், மைக்கில் ஒரு இளைஞர். அவரைப் பால்ராசு என்று வைத்துக்கொள்வோம். தெரு குறுகல், யாரும் பின்வாங்கவில்லை. ஜெசிந்தாவும் செல்வமணியும் அவரவர் ஆட்களோடு நடந்தே வந்துகொண்டிருந்தார்கள்.

"உருண்டு வருது கை உருளை, உங்க தெருவுல இனி கல் இல்லை!" என்று ஆரம்பித்தார் பால்ராசு.

"உருளை நல்லாத்தான் உருளுது, தாரு எங்க? யாரு தருவது?" என்றாள் ரோஸ்லின்.

"பூட்டுக்குப் போட்டா என்னாகும்? பஞ்சாயத்து ஆபீஸ் பூட்டாகும்!"

"பூட்டு மட்டுமா எங்க சின்னம்? சாவி இருக்கு, பாரு இன்னும்!"

கெபி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு பக்கத்துக்கும் கைதட்டினார்கள். ஒரு கடைக்காரர் நல்ல வரி வரும்போதெல்லாம் சோடா பாட்டிலைத் தட்டிச் சத்தம் எழுப்பினார். நான் போனில் பதிவு செய்துகொண்டிருந்தேன். இவ்வளவு தூரம் வந்ததற்கு இதுதான் என்று எனக்குள் ஒரே கொண்டாட்டம்.

ரோஸ்லின் வரிக்கு வரி பதில் கொடுத்துக்கொண்டிருந்தாள். பால்ராசுவின் குரல் ஏற்கெனவே கட்டியிருந்தது, வார்த்தையும் தடுமாறியது. கூட்டம் ரோஸ்லின் பக்கம் சாய்கிறது என்று தெரிந்ததும் அவர் சொல்லிவிட்டார்:

"கடலுக்குப் போனவன் வரவில்லை, கதவைப் பூட்டிப் பலனில்லை!"

சோடா பாட்டில் சத்தம் நின்றது. எனக்கு முதலில் புரியவில்லை. இசக்கிதான் காதருகே சொன்னார். "எக்கா, அந்தம்மா வீட்டுக்காரரு மூணு வருசம் முந்தி வள்ளம் கவுந்து செத்துப்போனாரு. அதச் சொல்லுதான்."

ரோஸ்லின் மைக்கைப் பிடித்தபடியே நின்றாள். கடற்கரைப் பக்கத்து ஆண்கள் நாலைந்து பேர் முன்னால் பாய்ந்தார்கள். ஒருவர் கையில் கல்லைப் பார்த்தேன். ஜீப் பக்கமும் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். இசக்கி என் தோளைப் பிடித்து ஆட்டோவுக்குப் பின்னால் இழுத்தார்.

"நில்லுங்கல!"

ஜெசிந்தாவின் குரல். மைக் இல்லாமலே முக்கு முழுக்கக் கேட்டது. ஏலம் போட்டுப் பழகிய தொண்டை. "கல்லக் கீழ போடு சூசை. போடுன்னு சொல்லுதேன்லா."

கல் விழுந்தது. ஜெசிந்தா மகளிடமிருந்து மைக்கை வாங்கினார். அழுவார் என்று நினைத்தேன், இல்லையென்றால் திட்டுவார் என்று நினைத்தேன்.

"அந்தத் தம்பி சொன்னது பொய் இல்ல. போனவரு வரல. நடுக்கடல்ல இல்ல, இங்கனதான். இந்தக் கெபியில நின்னு பாத்தாத் தெரியும், அவ்வளவு பக்கம். கரையேற வந்த வள்ளத்த அலை புரட்டிட்டு. நான் கரையில நின்னு பாத்தேன். நாளைக்குக் காலையில இந்த ஊர்ல இருந்து எத்தனை வள்ளம் போகுது? அதுல உப்பு, ஐஸு, அரிசி எல்லாம் அண்ணாச்சிமாரு கடையில வாங்கினதுதானே? வள்ளம் திரும்பலன்னா அந்தக் கடைக்கும்தான் நட்டம். எனக்கு வேற கோஷம் தெரியாது. போனவர் வரல. போறவங்க வரணும். அவ்வளவுதான்."

பிறகு கெபி படியில் இருந்த ஒரு பெண், "போனவர் வரல!" என்றார். பத்துப் பதினைந்து குரல்கள் "போறவங்க வரணும்!" என்றன. இரண்டாவது முறை சொன்னபோது ஜீப்புக்குப் பின்னால் இருந்தும் குரல்கள் வந்தன. தேரிப் பக்கத்துப் பெண்கள். என் போன் இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டேன். பிறகு ஜெசிந்தா கேட்டுக்கொண்டதால் அந்தப் பதிவையே அழித்துவிட்டேன்.

செல்வமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜீப்புக்கு வந்தார். அறுபது வயதுக்காரர், வெள்ளைச் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. "ஏலே, மைக்க இங்க கொண்டா" என்று பால்ராசுவிடம் வாங்கினார்.

"இது என் வாயில வந்த சொல்லு இல்ல. ஆனா என் மைக்குல வந்தது. அதனால நான்தான் சொல்லணும். மன்னிச்சிரு தங்கச்சி." மைக் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு டிரைவரிடம் ஜீப்பைப் பின்னால் எடுக்கச் சொன்னார். மறுநாளிலிருந்து தேர்தல் வரை அவர் மைக் வைக்கவில்லை, வீடு வீடாக நடந்தே ஓட்டுக் கேட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பால்ராசு இறங்கித் தலைகுனிந்து நின்றார். ஜெசிந்தா அவரைக் கடந்து போகும்போது நின்றார். "தொண்ட கட்டிருக்கு உனக்கு. சுக்குக் காப்பி குடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு அவர் வீட்டு வாசலில் எனக்குக் கறுப்புக் காப்பி கொடுத்தார். அந்த வரியை முன்பே யோசித்து வைத்திருந்தீர்களா என்று கேட்டேன். "யோசிக்கவா? என்ன பேசினேன்னு ரோஸ்லின்கிட்டதான் கேட்டேன்" என்று சிரித்தார். ரோஸ்லின் உள்ளேயிருந்து, "நல்லாத்தாம்மா பேசின. ஆனா எதுகை இல்ல" என்றாள்.

இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டோம். பெரியதாழை வரை போகவில்லை, போகத் தோன்றவுமில்லை. திருச்செந்தூரில் ஆயிரத்துக்கு மேல் இருநூறு கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

இத்தனை வருடம் நான் கோஷங்களை எதுகைக்காகவும் குறும்புக்காகவும் ரசித்தவள். இப்போதும் ரசிக்கிறேன். ஆனால் ஒரு கோஷம் எதிர்த் தரப்பின் வாயிலும் நுழைய முடியும் என்பதை அங்கேதான் பார்த்தேன். அதற்கு எதுகை தேவைப்படவில்லை. சொல்கிறவருக்கு அதைச் சொல்லும் உரிமை இருந்தது, அது போதுமானதாக இருந்தது.

நீங்களும் போவதாக இருந்தால்: மாலை நான்கிலிருந்து எட்டு வரைதான் பிரசாரம் களைகட்டும், பகலில் கடற்கரை ஊர்கள் தூங்கும். படம் எடுக்கும் முன் கேளுங்கள். யார் ஜெயிப்பார்கள் என்று யாரிடமும் கேட்காதீர்கள். திருச்செந்தூரில் அறை எழுநூறு ரூபாயிலிருந்து கிடைக்கும், வெள்ளி சனி தவிர்க்கவும். திரும்பும்போது தூத்துக்குடியில் முந்திரி மக்ரூன் வாங்குங்கள், ஆனால் பேருந்தில் பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஈரோடு வரும்போது சர்க்கரைத் தூள்தான் மிஞ்சும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது இசக்கி அந்த ஊரிலிருந்தே போன் செய்தார். ஓட்டு எண்ணி முடிந்துவிட்டதாம்.

"எக்கா, பூட்டு சாவி ஜெயிச்சிட்டு! கொஞ்ச ஓட்டுதான் வித்தியாசம். தேரிப் பக்கமும் விழுந்திருக்கு."

"உங்களுக்கு அங்கே என்ன வேலை? நீங்கள் திருச்செந்தூர்க்காரர்தானே?"

"சும்மா வந்தேன் எக்கா. மனசு கேக்கல." பிறகு நடந்ததைச் சொன்னார். செல்வமணி மாலையோடு ஜெசிந்தா வீட்டுக்கு வந்திருக்கிறார். ஜெசிந்தா மாலையை வாங்கிக்கொண்டு, "அண்ணாச்சி, உங்க ரோட்டு மனு எங்க? மொதக் கூட்டத்துலயே வச்சிருவோம்" என்றிருக்கிறார். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று செல்வமணி சொல்ல, "நாளைக்கு எதுக்கு? இப்பவே கொண்டாங்க" என்றிருக்கிறார்.

"அண்ணாச்சிகிட்ட வண்டி இல்ல" என்றார் இசக்கி. "நான்தான் ஆட்டோவுல கூட்டிட்டுப் போயி எடுத்துட்டு வந்தேன்."