காலியாக இருந்த பக்கத்து சீட்

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள் நான். எதற்கெடுத்தாலும் பயம். மலைமேல் இருக்கும் சோளக்காடு சந்தையில் நைட்டி விற்க முதல் தடவை பஸ் ஏறியபோது முகம் மூடிய புர்காவில் போனேன். மலை வளைவுகளில் வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடந்தேன். அத்தனை கூட்டத்திலும் என் பக்கத்து சீட்டில் மட்டும் யாரும் உட்காரவில்லை. என் உடையைப் பார்த்துத்தான் ஒதுங்குகிறார்கள் என்று நினைத்தேன். இவர்கள் என்னிடம் எப்படி நைட்டி வாங்குவார்கள்?

அடுத்த வாரம் மலையடிவாரத்தில் காரவள்ளியில் பஸ் நின்றதும் புர்காவைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். அல்லாஹ் மன்னிப்பான் என்று சொல்லிக்கொண்டாலும் மனசு அடித்துக்கொண்டது. உடனே ஒரு மலைக்கார அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் நினைத்தது சரிதான் என்று தோன்றியது.

அவர் பஸ் முழுக்கப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "ஏங்கண்ணு, கறுப்பு அங்கி போட்ட பொண்ணு ஏறுச்சா?"

"எதுக்குங்க?"

"போன வாரம் வாந்தி எடுத்துச் சுருண்டு கெடந்துச்சு. படுத்துக்கட்டும்னு பக்கத்துல ஒருத்தரையும் நான் உக்கார உடலை. இன்னைக்கு அதுக்கு எலுமிச்சம்பழம் கொண்டாந்தேன்."

"அது நாந்தாங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்த அங்கிய எங்க சாமி? மேல குளுருமே."

பழத்தை வாங்கிக்கொண்டு, புர்காவை எடுத்துப் போடப் பையைத் திறந்தேன். அல்லாஹ்வுக்காகப் போட்டதை இந்த அம்மாவுக்குப் பயந்தா கழற்றினேன்?

இப்போதும் பக்கத்து சீட் காலியாக இருந்தால் மனசு படபடக்கத்தான் செய்கிறது. புர்காவைக் கழற்ற மட்டும் கை போவதில்லை.