நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்துக்கு நான் மருமகளாக வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. எட்டாவது வரை படித்திருந்ததால் குப்பத்துப் பால்வாடியில் எனக்கு வேலை கிடைத்தது.

அந்த வருடம் ஐப்பசியில், வாடைக்காற்று திடீரென்று வலுத்த ஒரு நாள், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் என் கணவர் போன படகு கவிழ்ந்தது. படகில் மூன்று பேர். மறுநாள் மதியம் வரை ஒரு தகவலும் இல்லை. மதியம் மூன்று பேரும் கரையோரமாக நடந்தே வந்து சேர்ந்தார்கள். காலில் சிராய்ப்பு, உடம்பெல்லாம் உப்பு, வேறொன்றும் இல்லை. மாமியார் அம்மனுக்குப் பொங்கல் வைத்தார். குப்பமே எங்கள் வீட்டு வாசலில் சிரித்துக்கொண்டு நின்றது.

எனக்கு மட்டும் அந்த மதியம் முடியவே இல்லை.

அவர் படகில் கால் வைத்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். கை சில்லிட்டுப் போகும். மூச்சு பாதியில் நின்றுவிட்ட மாதிரி இருக்கும். போகப்போக, அவர் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் அப்படி வர ஆரம்பித்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தூக்கம் போனது, பசி போனது. பால்வாடியில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது இரண்டாவது வரி மறந்து நின்றுவிடுவேன். பிள்ளைகள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர்களாகவே பாடி முடிப்பார்கள்.

"புருஷன் செத்து அழுறவளப் பாத்துக்கீறேன். திரும்பி வந்ததுக்கு அழுறவள இப்பத்தான் பாக்கறேன்" என்றார் மாமியார். அவர் கெட்டவர் இல்லை. காற்று கருப்பு அண்டியிருக்கும் என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போனதும் அவர்தான், தர்காவில் மந்திரித்த கயிறு வாங்கிவந்து என் கையில் கட்டியதும் அவர்தான். எல்லாம் செய்து பார்த்தோம். ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது.

பிள்ளைகளை எடை பார்க்க மாதம் ஒரு முறை நர்ஸம்மா ஒருவர் பால்வாடிக்கு வருவார். ஒரு நாள் தராசில் பிள்ளையை மாட்டும்போது என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டார். பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு என்னை உட்காரவைத்துக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. இது மனசுக்கு வருகிற நோய், இதற்கு மாத்திரை இருக்கிறது, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மனசு ஆஸ்பத்திரி என்றால் எங்கள் பக்கம் ஒரே அர்த்தம்தான், பைத்தியம். வீட்டில் ரத்தச் சோகைக்கு வைத்தியம் என்று சொல்லிவிட்டு நானும் என் கணவரும் கிளம்பினோம். பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில். வழியெல்லாம் அவர் நர்ஸம்மாவின் சீட்டைச் சட்டைப்பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவருக்கும் பயம்.

அங்கே இருந்த டாக்டரம்மா, அதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றார். "சாவணும்னு இல்லீங்க, இப்பிடி இருக்கக்கூடாதுன்னு தோணுது" என்றேன். அதைச் சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவர் காத்திருந்தார். பிறகு மாத்திரை எழுதினார். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், வாய் உலரும், மாதா மாதம் வர வேண்டும் என்றார். "நல்லாயிட்டோம்னு தோணும்போதுதான் நிறுத்தலாம்னும் தோணும். என்னைக் கேக்காம நிறுத்தாதே" என்று இரண்டு முறை சொன்னார்.

அடுத்த மாதம் நான் தனியாகப் போனேன். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பழவேற்காட்டில் எனக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் அக்கா. பழைய வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த முஸ்லிம் பெண்மணி. நாற்பது வயது இருக்கும். கணவர் கருவாடு ஏற்றுமதி செய்பவர். தைக்கக் கொடுக்கப் போனால் அந்தத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்துப் பேசுவார். அந்த மனுஷியா இங்கே என்று நினைத்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் தலையைத் திருப்பிக்கொண்டோம்.

திரும்பி வரும்போது ரயிலில் அவரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ என்னப் பாக்கலே, நான் உன்னப் பாக்கலே. சரியா?" என்றார். சரி என்றேன். இரண்டு ஸ்டேஷன் தாண்டியது. "உனக்கு எத்தினி மாசமா?" என்றார்.

அன்று பொன்னேரி வருவதற்குள் நாங்கள் பேசியதை நான் என் கணவரிடம்கூடப் பேசியதில்லை. அக்காவுக்கு இரண்டு வருடமாக இருந்தது. எனக்காவது படகு கவிழ்ந்தது என்று ஒரு காரணம் உண்டு. அவருக்கு அதுவும் இல்லை. "எனக்கு ஒரு கொறையும் இல்லே. அதான் வெக்கமா கீது. காலையில எழுந்து தலை வாரணும்னு நெனச்சாலே அழுகை வருது. வாசல்ல யாரு வந்தாலும் சிரிக்கிறேன். சிரிச்சு முடிச்சதும் படுத்துக்கணும் போல கீது" என்றார். வீட்டில் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார்.

அதிலிருந்து மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை எங்கள் நாள். மாத்திரையால் வாய் காய்ந்துபோகும் என்று அக்கா எலுமிச்சம்பழம் நறுக்கி எடுத்துவருவார். ரயிலில் இரண்டு பேரும் அதைச் சப்பிக்கொண்டு, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய், இந்த வாரம் எத்தனை நாள் அழுதாய் என்று கேட்டுக்கொள்வோம். மற்றவர்கள் பருப்பு விலை பேசுகிற மாதிரி நாங்கள் அதைப் பேசினோம். ஒரு மாதம் அக்காவுக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. அவருடைய ஆஸ்பத்திரி அட்டையையும் நானே எடுத்துக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் நிலைமையைச் சொல்லி மாத்திரை வாங்கி வந்தேன். அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "உன்ன மாதிரி ஒருத்தி கெடைக்காட்டி நான் பாதியிலயே வுட்டிருப்பேன்" என்றார்.

எட்டாவது மாதம் எனக்கு நன்றாகிவிட்டது. உண்மையிலேயே நன்றாகிவிட்டது. என் கணவர் படகு ஏறும்போது கரையில் நின்று கையசைத்தேன். பால்வாடியில் பாட்டை நானே பாடி முடித்தேன். என் கணவருக்கும் சந்தோஷம். "அதான் நல்லாயிட்டியே, எத்தினி நாளைக்கு அத முழுங்கிக்கினு இருப்பே?" என்றார். நானும் நிறுத்திவிட்டேன். டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருந்தது. அது மற்றவர்களுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டேன்.

நிறுத்தி இருபது நாள் கழித்து ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனவள், அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். "நான் நிறுத்திட்டேன் க்கா. ஒண்ணும் ஆவலே. நல்லாத்தான் கீறேன்."

அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நெசமாவா?" என்றார். அந்த முகத்தில் அவ்வளவு ஆசை. "நெசமா க்கா" என்றேன்.

அடுத்த பத்து நாளில் எனக்கு எல்லாம் திரும்பி வந்துவிட்டது. முன்பைவிட மோசமாக வந்தது. அடுப்பில் உலை கொதிக்கிற சத்தத்துக்கே உடம்பு உதறியது. மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஆனால் செவ்வாய்க்கிழமை போகவில்லை. பொன்னேரியில் பால்வாடி மீட்டிங் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை போனேன். நிறுத்திவிட்டேன் என்று அவ்வளவு பெருமையாகச் சொல்லிவிட்டு, அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்ற வெட்கம்தான். கணவரிடமும் சொல்லவில்லை. மாத்திரையை மறைத்துவைத்து விழுங்கினேன். அடுத்த மாதமும் வெள்ளிக்கிழமைதான் போனேன்.

அக்காவிடம் ஒரு நடை போய், "திரும்பி வந்துடுச்சு க்கா, நான் சொன்னத நம்பாதே" என்று சொல்லியிருக்கலாம். எங்கள் குப்பத்திலிருந்து அவர் வீடு நடந்து போகிற தூரம். நான் போகவில்லை. அக்காவும் மாத்திரையை நிறுத்தியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லையா என்று இப்போது என்னையே கேட்டால், தோன்றியது. நினைக்காமல் தள்ளிவைத்தேன்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. பாதையில் தண்ணீர் நின்று ஒரு வாரம் பஸ் வரவில்லை. மழை விட்ட பிறகு ஒரு காலை, எறாவும் மீனும் வாங்கக் கரைக்கு வந்த டவுன்காரப் பெண் ஒருத்தி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "ஜாக்கெட் தைக்குமே அந்த பாய் வூட்டம்மா, முந்தாநேத்து தன்னத்தானே முடிச்சிக்கிச்சாம். நல்லா சிரிச்சிக்கினு இருக்குமே, அதுக்கு இன்னா கொற சொல்லு."

நான் அந்த ஈரமணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றே அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளே பெண்கள் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். படி ஏற முடியவில்லை. வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த பிறகு அக்காவின் கணவர் பால்வாடிக்கு என்னைத் தேடி வந்தார். கையில் ஆஸ்பத்திரி அட்டை. துணிகளுக்கு நடுவில் கிடைத்தது என்றார். பொன்னேரி பஸ் கண்டக்டரைக் கேட்டதற்கு, பால்வாடி டீச்சரோடுதான் எப்போதும் போவார் என்று சொல்லியிருக்கிறார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"எத்தினி மாசம்மா உன்கூட வந்தா?"

"ஏழு மாசம் பாய். அதுக்கு முன்னாடியே தனியா போய்க்கினு இருந்தாங்க."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணு சரியில்லேன்னுதான் சொன்னா. கண்ணாடிகூட வாங்கிப் போட்டுக்கினா. போன வாரம் அத எடுத்து நான் போட்டுப் பாத்தேன். பவரே இல்லே. வெறுங் கண்ணாடி. ஒரே வூட்ல இருந்துக்கினு எனக்குத் தெரியலே பாரு."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. நான் நிறுத்திவிட்டேன் என்று அக்காவிடம் சொன்னதையும், எனக்குத் திரும்பி வந்ததையும், அதைச் சொல்லாமல் நாளை மாற்றிக்கொண்டு ஒளிந்து போனதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார், அடித்தாலும் அடிக்கட்டும் என்று நின்றேன்.

அவர் அட்டையை மடித்துப் பையில் வைத்தார். "உன்னாலதான்னு நான் சொல்ல மாட்டேன். உன்னால இல்லேன்னும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியலேம்மா" என்றார். பிறகு, "இப்ப முழுங்குறியா?" என்று கேட்டார்.

"முழுங்குறேன் பாய்."

"உன் வூட்டுக்காரருக்குத் தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"போய்ச் சொல்லும்மா. இன்னிக்கே சொல்லு" என்று சொல்லிவிட்டு நடந்தார். கொஞ்ச தூரம் போய் ஒரு முறை நின்றார். திரும்பிப் பார்க்காமலே போய்விட்டார்.

சாயங்காலம் என் கணவர் கிழிந்த வலையைப் பொத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நின்றுவிட்டது. "நான் உனக்குச் சொன்னேன். நீ அந்தம்மாவுக்குச் சொன்னே" என்றார். அடுத்த முதல் செவ்வாய்க்கிழமை, ஏரியில் முறை வைத்து வலை போடுவதில் எங்கள் பங்காளிகளின் நாள். அதை விட்டுவிட்டு அவர் என்னோடு ரயில் ஏறினார். அப்புறம் எத்தனையோ வருடம் முடிந்தபோதெல்லாம் வந்தார். அன்று டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். நோய்தான் அவரைக் கொண்டுபோனது, நீ இல்லை என்றார். அதில் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். மீதிப் பாதியை இன்னும் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதன் பிறகு நான் எதற்கு மெட்ராஸ் போகிறேன் என்று கேட்டவர்களிடம் மறைக்கவில்லை. சிலர் ஒதுங்கினார்கள். தங்கள் பிள்ளையைப் பால்வாடியிலிருந்து நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. ஒரு வருடம் கழித்து, ஏரியில் கையால் எறா பிடிக்கிற பெண் ஒருத்தி வந்து, நீ சாப்பிடுகிற மாத்திரை எனக்கும் கேட்குமா என்று மெதுவாக விசாரித்தாள். அவளைக் கூட்டிப்போனேன். பிறகு சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். ஒரு காலத்தில் முதல் செவ்வாய்க்கிழமை நாங்கள் ஐந்து பேர் அந்த ரயிலில் போனோம். யார் யாருக்கு எப்படி இருக்கிறது என்று ஒருவரிடம் ஒருவர் கேட்போம். ஒருவர் வராவிட்டால், அன்றே அவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்ப்போம். இது எங்களுக்குள் கட்டாயம்.

புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் நான் முதலில் சொல்வது, நானும் ஒரு முறை நிறுத்தினேன், எனக்குத் திரும்பி வந்துவிட்டது என்பதைத்தான். எத்தனையோ பேர் அதைக் கேட்டுக்கொண்டார்கள், அவர்களில் பலர் இன்று நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அதை முதலில் கேட்டிருக்க வேண்டியவர், நான் நடந்தே போய்ச் சொல்லியிருக்கக்கூடிய தூரத்தில், பொய்யாகிப்போன என் பேச்சை நம்பிக்கொண்டு தனியாக இருந்தார்.