பெயர் எழுதிய பக்கம்

பழைய புத்தகம் வாங்குகிறவர்களைப் போல நச்சரிப்பவர்களை நான் பார்த்ததில்லை. பீர்மேட்டில் ஜீப் ஓட்டுகிறேன். டிரிப் இல்லாத நேரத்தில் பழைய புத்தகங்களைப் போனில் படம் பிடித்துப் போட்டு விற்கிறேன். பாதி விலைக்குக் கேட்பார்கள், அதிலும் குறைக்கச் சொல்வார்கள், பார்சலைப் பிரித்ததும் முதல் பக்கத்தில் எவனோ பேர் எழுதியிருக்கிறான் என்று சண்டைக்கு வருவார்கள். பழைய புத்தகத்தில் பேர் இல்லாமல் வேறென்ன இருக்கும்? சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். புத்தகம் கைக்கு வந்ததும் பேர் உள்ள பக்கத்தை பிளேடால் அறுத்துவிடுவேன். பென்சில் கோடுகளை அழித்து, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, ஜீப் பானெட்டின் மேல் வைத்துப் படம் எடுப்பேன். எழுத்து எதுவும் இல்லாத சுத்தமான பிரதி என்று கீழே போடுவேன்.

சரக்கு இங்கே தேயிலை எஸ்டேட்டிலேயே கிடைக்கும். வேலை முடிந்து லயத்தை, எஸ்டேட் கொடுத்த வரிசை வீட்டை, காலி செய்கிறவர்களின் சாமான்களை என் ஜீப்பில்தான் ஏற்றுவார்கள். கட்டிலும் பீரோவும் ஏறிய பிறகு மூட்டையாக மிஞ்சுவது புத்தகங்கள்தான்.

அடுத்த வீட்டு அக்காவின் மூட்டையும் அப்படி வந்ததுதான். அவருக்கும் எனக்கும் ஆகாது. லயத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய். ஜீப்பைக் கழுவியே தண்ணீரைத் தீர்க்கிறேன் என்று வருஷக்கணக்காகக் காது புளிக்கத் திட்டினார். காலி செய்து கீழே டவுன் பக்கம் போன அன்றும் விடவில்லை. நானும் சளைக்கவில்லை. அவர் மகள் கட்டி வைத்திருந்த புத்தக மூட்டையை, இடமில்லை என்று இறக்கிப் போட்டேன்.

"நீயே வச்சுக்கோ. அதையும் வித்துத் தின்னு," என்றார்.

மூட்டையில் மகளின் பாடப் புத்தகங்களும் கைடுகளும் இருந்தன. அடியில் கறுப்பு அட்டை போட்ட பழைய ஜெபப் புத்தகம். எங்கள் லயங்களில் கத்தோலிக்க வீடுகளில் பிறப்பு, ஞானஸ்நானம், சாவு எல்லாவற்றையும் ஜெபப் புத்தகத்தின் முதல் பக்கத்தில்தான் எழுதுவார்கள். நானும் அக்கா வீட்டார் போகிற மாதா கோயிலிலேயே ஞானஸ்நானம் வாங்கினவன்தான். மகள் அவசரத்தில் சேர்த்துக் கட்டிவிட்டாள் என்பது பார்த்ததுமே புரிந்தது. ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. எனக்கு அந்த அக்காமேல் அவ்வளவு ஆத்திரம். மூன்று தலைமுறைப் பேர்கள் இருந்த பக்கத்தை அறுத்து, வழக்கம்போல வெந்நீர் அடுப்பில் போட்டேன். புத்தகம் ஒரே வாரத்தில் விற்றுப்போனது.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் அக்கா பஸ் ஏறி வந்து வாசலில் நின்றார்.

"அந்த ஜெபப் பொஸ்தகத்த எடு."

"வித்தாச்சு."

"யாரக் கேட்டு வித்த?"

"நீங்கதான வித்துத் தின்னச் சொன்னீங்க."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. சாதிச் சான்றிதழ் வேண்டும். தாத்தா காலத்திலேயே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு எழுத்தில் ஆதாரம் காட்டச் சொல்கிறார்கள் வில்லேஜ் ஆபீசில். எஸ்டேட்டில் பழைய பேர்ப் பதிவு எதுவும் இல்லை. கோயில் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் அந்த முதல் பக்கம்தான். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும்.

"வாங்குனவருக்குப் போனப் போடு. ஸ்பீக்கர்ல போடு. ஒன் பேச்ச நான் நம்ப மாட்டேன்."

போட்டேன். வாங்கியவர் பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதிக்காரர், பழைய அச்சுப் புத்தகங்களைச் சேர்ப்பவர். விற்றதைத் திருப்பிக் கேட்டால் எப்படியும் கத்துவார், பழி அவர்மேல் போய்விடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் கத்தவில்லை.

"அதுக்கென்னங்க, நாளைக்கே அனுப்பி வெக்கறனுங்க. காசெல்லாம் வேண்டாங்க. ஆனா மொதப் பக்கம் இல்லீங்களே. பிளேடு போட்டு அறுத்தாப்டி இருக்குதுங்க. அந்தக் காலத்து ஆளுங்க கையெழுத்து இருந்திருந்தா எனக்கு இன்னும் சந்தோசமா இருந்திருக்குமுங்க."

அந்த மனிதர் நல்லவராக இருந்ததற்காக அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. போனை வைத்தேன்.

"அறுத்தியா?"

"ஆமா."

"எங்க அது?"

"அடுப்புல போட்டுட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மாதா படத்துக்குக் கீழே இருந்த எங்கள் வீட்டு ஜெபப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். பதிலுக்குப் பதில் கிழிக்கப் போகிறார் என்று நின்றேன். கிழிக்கட்டும், அதோடு தீரட்டும் என்றும் இருந்தது. அவர் விரல் வைத்து வரி வரியாக வாசித்தார். என் அப்பாவின் ஞானஸ்நான வரியில் விரல் நின்றது. தேதி, லயம், ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நின்ற ஞானத்தகப்பனின் பேர். அது தன் தாத்தாவின் பேர் என்றார் அக்கா. அத்தனை வருஷம் குழாயடியில் சண்டை போட்ட எனக்கு அது அன்றுதான் தெரியும். வெட்கமாக இருந்தது.

"வேணும்னா அந்தப் பக்கத்த அறுத்துத் தாரேன்க்கா."

"பிளேடத் தொட்டா கைய முறிச்சுருவேன். பொஸ்தகத்தோட நீயும் வா. எங்க பக்கம் எங்கன்னு கேப்பாங்க. நீயே வந்து பதில் சொல்லு."

ஜீப்பை எடுத்தேன். முன் சீட்டு காலியாக இருந்தும் அவர் பின்னால் போய் உட்கார்ந்தார்.

வில்லேஜ் ஆபீசர் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். தாத்தா அப்போதே இங்கே இருந்ததற்கு இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அவர்கள் வீட்டுப் பக்கம் என்ன ஆனது என்று கிழித்தவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றார். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். தெரியாமல் கிழித்துவிட்டேன் என்று எழுதினேன். அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"தெரிஞ்சேதான் கிழிச்சேன்னு எழுது," என்றார்.

எழுதியதை அடித்துவிட்டு, அவர் சொன்னபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.